ஆர்க்கேட் ஸ்டிக் மாற்றியமைப்பு

ஆர்க்கேட் ஸ்டிக் மாற்றியமைப்பு என்பது, ஒரு நிகழ்பட விளையாட்டுக் கன்சோலுக்கென உருவாக்கப்பட்ட ஆர்க்கேட் ஸ்டிக்கின் உள் மின்சுற்றை மாற்றி அல்லது விரிவாக்கி, அதே ஸ்டிக் பல கன்சோல்களில் இயங்கும்படி செய்வதாகும். நாணயம் இட்டு விளையாடும் பொது விளையாட்டுக் கூடங்கள் ஆர்க்கேடுகள் எனப்படுகின்றன. அங்குள்ள இயந்திரங்களில் காணப்படும் பிடிகோலையும் பொத்தான்களையும் ஒரு பெட்டியில் பொருத்தி, வீட்டில் பயன்படுத்தத் தக்கதாகச் செய்யப்பட்ட உள்ளீட்டுக் கருவியே ஆர்க்கேட் ஸ்டிக் ஆகும். ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை விளையாட்டுகளை விளையாடுவோரே இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

ஸ்டிக்கின் பிடிகோலும் பொத்தான்களும் எந்தக் கன்சோலுக்கும் உரியவை அல்ல. அவை வெறும் மின் ஆளிகள் மட்டுமே. ஒரு ஸ்டிக்கை ஒரு கன்சோலுடன் பிணைத்து வைப்பது அதனுள் இருக்கும் சிறிய மின்சுற்றுப் பலகையும், அப்பலகை கன்சோலுடன் தொடர்புகொள்ளும் முறையும் ஆகும். மாற்றியமைப்பு முறைகள் அனைத்தும் இந்த ஒரு பலகையை மாற்றுவதையோ, அதனுடன் இன்னொன்றைச் சேர்ப்பதையோ அடிப்படையாகக் கொண்டவை.

வரலாறு

ஆர்க்கேட் இயந்திரத்தின் பிடிகோலை வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி 1980களிலேயே தொடங்கியது. நின்டெண்டோ நிறுவனம் தனது என்.இ.எஸ். கன்சோலுக்காக 1987 இல் அட்வான்டேஜ் என்னும் ஸ்டிக்கை வெளியிட்டது. எஸ்.என்.கே. நிறுவனம் 1990 இல் வெளியிட்ட நியோ ஜியோ கன்சோலுடன் ஆர்க்கேட் வகை ஸ்டிக்கே வழங்கப்பட்டது. 1991 இல் கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளிவந்து, மூன்று குத்துப் பொத்தான்கள், மூன்று உதைப் பொத்தான்கள் என்னும் ஆறு பொத்தான் அமைப்பைப் பரவலாக்கியது. இன்றைய ஸ்டிக்குகளின் பொத்தான் அடுக்கு இதிலிருந்து வளர்ந்ததாகும்.

ஆர்க்கேடுகளில் போட்டியிடும்வரை உள்ளீட்டுக் கருவியைப் பற்றிய கேள்வி எழவில்லை. கருவி இயந்திரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறும் எவோ என்னும் சண்டை விளையாட்டுப் போட்டி 2004 இல் ஆர்க்கேட் இயந்திரங்களிலிருந்து கன்சோல்களுக்கு மாறியது. அம்மாற்றம் அப்போது பலத்த விவாதத்துக்கு உள்ளானது. கன்சோல் போட்டிகளில் ஆட்டக்காரர் தமது கருவியைத் தாமே கொண்டுவர வேண்டியிருந்தது.

2009 பெப்ரவரியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகிய இரு கன்சோல்களிலும் வெளியானது. அதனுடன் மேட் கேட்ஸ் நிறுவனம் டோர்னமென்ட் எடிஷன் என்னும் ஸ்டிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய ஆர்க்கேடுகளில் பயன்படும் சன்வா நிறுவனத்தின் உறுப்புகள் இதில் இருந்தன. ஏறத்தாழ 150 அமெரிக்க டாலர் விலையுள்ள இந்த ஸ்டிக், இரு கன்சோல்களுக்கும் தனித்தனியாகவே விற்கப்பட்டது. உறுப்புகள் ஒன்றாக இருந்தும் ஒன்று மற்றதில் இயங்கவில்லை. சில போட்டிகள் ஒரு கன்சோலிலும், வேறு சில மற்றதிலும் நடைபெற்றதால், இரண்டிலும் பங்குபெற விரும்பியவர் இரண்டு ஸ்டிக்குகளை வாங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. மாற்றியமைப்புக் கலை பரவலாக வளர்ந்தது இக்காலப்பகுதியிலேயே ஆகும்.

ஸ்டிக்கின் அமைப்பு

ஓர் ஆர்க்கேட் ஸ்டிக்கில் பின்வரும் பகுதிகள் உள்ளன:

- பிடிகோல்: இதன் அடியில் மேல், கீழ், இடம், வலம் ஆகிய திசைகளுக்கு ஒவ்வொன்றாக நான்கு நுண் ஆளிகள் உள்ளன. மூலைத் திசைகளில் இரு ஆளிகள் ஒரே வேளையில் அழுந்துகின்றன. ஆகவே நான்கு ஆளிகளைக் கொண்டு எட்டுத் திசைகளைக் குறிக்க முடிகிறது.
- பொத்தான்கள்: ஜப்பானிய வகைகளில் தாக்குதல் பொத்தான்கள் பொதுவாக 30 மில்லிமீட்டர் விட்டமும், தொடக்கப் பொத்தான் போன்றவை 24 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை. ஒவ்வொன்றிலும் இரு முனைகள் கொண்ட ஓர் ஆளி உள்ளது.
- மின்சுற்றுப் பலகை: ஆளிகளின் நிலையைப் படித்து, கன்சோல் புரிந்துகொள்ளும் குறிகைகளாக மாற்றி அனுப்புவது.
- பெட்டி, கம்பிகள், இணைப்பு வடம்.

ஆளியின் ஒரு முனை தரை இணைப்புடனும், மறு முனை பலகையின் ஓர் உள்ளீட்டுடனும் இணைக்கப்படுகிறது. பொத்தான் அழுத்தப்படாதபோது உள்ளீடு, ஒரு மின்தடையத்தின் வழியாக 3.3 அல்லது 5 வோல்ட்டு மின்னழுத்தத்தில் நிற்கும். அழுத்தும்போது அது தரையுடன் இணைந்து பூச்சியமாகிறது. இந்த வீழ்ச்சியையே பலகை 'அழுத்தப்பட்டது' எனக் கொள்கிறது.

எல்லா ஆளிகளின் தரை முனைகளும் ஒரே கம்பியில் இணைந்திருக்குமாயின், அப்பலகை பொதுத் தரை அமைப்புடையது எனப்படும். சன்வா ஜே.எல்.எஃப். வகைப் பிடிகோலின் இணைப்பில் ஐந்து கம்பிகள் மட்டுமே இருப்பதன் காரணம் இதுவே: நான்கு திசைகளுக்கு நான்கு, பொதுத் தரைக்கு ஒன்று. பொதுத் தரை உடைய இரு பலகைகளை ஒரே ஆளித் தொகுதியுடன் இணைப்பது எளிது. சில கைப்பிடிகளில் ஆளிகள் வரிசையும் நிரலுமாகக் கட்டம்போல் இணைக்கப்பட்டிருக்கும். அத்தகைய பலகைகளை இவ்வாறு நேரடியாக இணைக்க முடியாது.

கன்சோல்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஒரே பொத்தானின் அழுத்தத்தை ஒவ்வொரு கன்சோலும் ஒவ்வொரு வகையில் கேட்டறிகிறது. சூப்பர் நின்டெண்டோவில், கைப்பிடியில் உள்ள பெயர்வுப் பதிவகம் பொத்தான்களின் நிலையை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்புகிறது. கேம்கியூப் ஒரே தரவுக் கம்பியில் இரு திசையிலும் தொடர்புகொள்கிறது. முதல் எக்ஸ்பாக்ஸ் யூ.எஸ்.பி. முறையையே பயன்படுத்தியபோதும், அதன் இணைப்பியின் வடிவம் வேறாக இருந்தது.

பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும் வழக்கமான யூ.எஸ்.பி. இணைப்பியைக் கொண்டவை. ஆயினும் அவற்றிடையே அடிப்படையான ஒரு வேறுபாடு இருந்தது. பிளேஸ்டேஷன் 3, பொதுச் செந்தரத்தைப் பின்பற்றும் உள்ளீட்டுக் கருவிகளை ஏற்றுக்கொண்டது. எக்ஸ்பாக்ஸ் 360, இணைக்கப்படும் கருவியில் மைக்ரோசாஃப்ட்டின் ஒப்புதல் பெற்ற பாதுகாப்புச் சில்லு உள்ளதா எனச் சோதித்தது. சில்லு இல்லாத கருவியை ஏற்க மறுத்தது. முதலில் கூறியவை மொழி வேறுபாட்டைப் போன்றவை; மொழிபெயர்த்தால் தீரும். இரண்டாவது வகை, பூட்டைப் போன்றது. அதற்குத் திறவுகோல் வேண்டும்.

மாற்றியமைக்கும் முறைகள்

கைப்பிடிப் பலகையைப் பயன்படுத்தல்

இது மிகப் பழைய முறையாகும். வேண்டிய கன்சோலின் சாதாரணக் கைப்பிடி ஒன்றைப் பிரித்து, அதன் பலகையை எடுத்து, ஒவ்வொரு பொத்தானின் தொடுபுள்ளியிலும் கம்பியைப் பற்றவைத்து ஸ்டிக்கின் ஆளிகளுடன் இணைப்பர். கன்சோலின் ஏற்புச் சோதனைக்கு உரிய சில்லு கைப்பிடிப் பலகையிலேயே இருப்பதால், பூட்டுக்கு உரிய திறவுகோலும் இதனுடன் கிடைத்துவிடுகிறது.

இம்முறையில் கவனிக்க வேண்டியது ஒப்புமை உள்ளீடுகள் ஆகும். கட்டைவிரல் கோல்கள் மாறு மின்தடைகளால் இயங்குபவை. அவற்றைக் கழற்றினால், அந்த இடத்தில் இரு சம மின்தடையங்களைப் பொருத்தி மின்னழுத்தத்தை நடுநிலையில் நிறுத்த வேண்டும். இல்லையேல் கோல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகக் கன்சோல் கருதும். எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடியின் விசைவில்களும் ஒப்புமை வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சாதாரணப் பொத்தானால் இயக்க, பலகையைப் பொறுத்து, கூடுதலாக மின்தடையமோ குறிகையைத் தலைகீழாக்கும் சுற்றோ தேவைப்படும்.

இரட்டைப் பலகை முறை

ஒரே ஸ்டிக்கினுள் இரு கன்சோல்களுக்கு உரிய இரு பலகைகளைப் பொருத்துவது இரட்டைப் பலகை முறை ஆகும். ஒவ்வொரு ஆளியிலிருந்தும் இரு பலகைகளுக்கும் கம்பி செல்லும். யூ.எஸ்.பி. வடத்தின் மின்வழங்கலும் தரையும் இரு பலகைகளுக்கும் பொதுவாக இருக்கும். தரவுக் கம்பிகள் இரண்டு மட்டும், ஒரு மாற்று ஆளியின் வழியே, ஏதேனும் ஒரு பலகைக்குச் செலுத்தப்படும். இதற்கு இரு சுற்றுகளை ஒருங்கே மாற்றும் சாதாரண ஆளியே போதுமானது. பின்னர், வடத்தைச் செருகும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் தானே பலகையை மாற்றும் சிறு மின்னணுத் தொகுதிகளும் வந்தன.

எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டிக்கில் பிளேஸ்டேஷன் 3 பலகையைச் சேர்ப்பது எளிதாகவும் மலிவாகவும் இருந்தது. பிளேஸ்டேஷன் 3 ஏற்புச் சோதனை செய்யாததால், விலை குறைந்த நுண்கட்டுப்படுத்தி கொண்ட பலகையே போதும். மறுதலையாகச் செய்ய, உண்மையான எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடி ஒன்றைப் பலியிட வேண்டியிருந்தது.

பல்கன்சோல் பலகைகள்

ஒரே பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தி, தான் எந்தக் கன்சோலுடன் இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் கண்டறிந்து அதற்குரிய முறையில் தொடர்புகொள்ளும் பலகைகள் பின்னர் உருவாகின. பொழுதுபோக்காளர் ஒருவரால் வடிவமைக்கப்பட்ட குதூலு பலகையின் பல்கன்சோல் வகை, பிளேஸ்டேஷன் 3 மட்டுமன்றிச் சூப்பர் நின்டெண்டோ, பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் போன்ற பழைய கன்சோல்களிலும் இயங்கியது. ஸ்டிக்கின் பின்புறத்தில் கணினி வலையமைப்பில் பயன்படும் ஆர்.ஜே. 45 இணைப்பியைப் பொருத்தி, ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு வடத்தைச் செருகிக்கொள்ளும் வழக்கம் இதனுடன் பரவியது. இவ்வகை இணைப்பியில் எட்டுக் கம்பிகள் இருப்பதால், பெரும்பாலான கன்சோல்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

தாய்வான் நாட்டைச் சேர்ந்த புரூக் நிறுவனத்தின் யுனிவர்சல் ஃபைட்டிங் போர்டு, பிளேஸ்டேஷன் 3, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன், வீ யூ, நின்டெண்டோ சுவிட்ச், கணினி ஆகியவற்றில் இயங்குமாறு செய்யப்பட்டது. 20 ஊசிகள் கொண்ட இணைப்பு வடம் ஒன்றின் மூலம், பற்றவைக்காமலேயே இதனைப் பொருத்தலாம்.

திறந்த மூல நிலைபொருள்

ஆர்.பி. 2040 நுண்கட்டுப்படுத்தியைக் கொண்ட ராஸ்பெரி பை பிக்கோ என்னும் பலகை 2021 சனவரியில் 4 அமெரிக்க டாலர் விலையில் வெளியானது. இதற்கென எழுதப்பட்ட ஜி.பி. 2040, அதன் வழிவந்த ஜி.பி. 2040-சி.இ. ஆகிய திறந்த மூல நிலைபொருள்கள், இம்மலிவான பலகையைப் பல்கன்சோல் பலகையாக மாற்றுகின்றன. கணினி, பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோ சுவிட்ச் ஆகியவற்றுக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஏற்புச் சோதனை செய்யும் கன்சோல்களுக்கு, ஒப்புதல் பெற்ற கருவி ஒன்றை ஸ்டிக்குடன் இணைத்து, கன்சோலின் கேள்வியை அதனிடம் அனுப்பி விடை பெறும் வழி கையாளப்படுகிறது.

வெளி மாற்றிகள்

ஸ்டிக்கைத் திறக்காமல், அதற்கும் கன்சோலுக்கும் இடையே செருகப்படும் மாற்றிகளும் உண்டு. இவை வசதியானவை. ஆனால் ஸ்டிக்கின் குறிகையை முதலில் படித்து, பின்னர் மீண்டும் எழுதி அனுப்புவதால், தரம் குறைந்த மாற்றிகளில் சுணக்கம் ஏற்படக்கூடும்.

இரட்டைப் பலகை பொருத்தும் ஒழுங்கு

பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு பின்வருமாறு:

1. ஸ்டிக்கின் வடத்தைக் கன்சோலிலிருந்து கழற்றிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே உள்ள இணைப்புகளை முதலில் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது பின்னர் உதவும்.
2. இரு பலகைகளும் பொதுத் தரை உடையனவா எனப் பல்மானியால் சோதிக்க வேண்டும். ஒரு பலகையின் எல்லாப் பொத்தான்களின் தரை முனைகளும் ஒன்றோடொன்று தொடர்பு காட்டினால் அது பொதுத் தரை உடையது.
3. இரு பலகைகளின் உள்ளீட்டு மின்னழுத்தங்கள் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.
4. இரு பலகைகளின் தரைகளையும் இணைத்து, பின்னர் ஒவ்வொரு ஆளியின் குறிகைக் கம்பியையும் இரண்டாவது பலகையின் உரிய புள்ளிக்கு நீட்ட வேண்டும்.
5. யூ.எஸ்.பி. வடத்தின் சிவப்பு (5 வோல்ட்டு), கறுப்பு (தரை) ஆகிய கம்பிகளை இரு பலகைகளுக்கும் கொடுக்க வேண்டும். பச்சை, வெள்ளை ஆகிய தரவுக் கம்பிகளை மாற்று ஆளிக்குக் கொடுக்க வேண்டும். எல்லா வடங்களிலும் நிறங்கள் இவ்வாறே அமைவதில்லை. எனவே சோதித்து உறுதிசெய்தல் நன்று.
6. சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே குறுக்குச் சுற்று இல்லை என உறுதிசெய்த பின்னரே வடத்தைச் செருக வேண்டும். முதற் சோதனையைக் கணினியில் செய்வது வழக்கம்.

பற்றவைக்கும்போது எழும் புகையைச் சுவாசிக்காதபடி காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். ஒரே புள்ளியை நீண்ட நேரம் சூடாக்கினால் பலகையின் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். தொடக்கநிலையாளர்களுக்கு ஏற்படும் மிகப் பொதுவான இழப்பு இதுவே. பெட்டியைத் திறப்பதால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் நீங்கக்கூடும் என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது.

சுணக்கம்

சண்டை விளையாட்டுகள் பொதுவாக நொடிக்கு 60 சட்டகங்கள் என்னும் வேகத்தில் இயங்குகின்றன. ஒரு சட்டகத்தின் நீளம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 இல் ஒரு தாக்குதலை அடுத்ததுடன் இணைக்க, ஒரே ஒரு சட்டக அவகாசம் மட்டுமே தரும் இணைப்புகள் பல இருந்தன. இத்தகைய விளையாட்டில் பலகை சில மில்லிநொடி தாமதித்தாலும், அழுத்தம் அடுத்த சட்டகத்தில் பதியும் வாய்ப்பு கூடுகிறது.

யூ.எஸ்.பி. கருவியின் நிலை நொடிக்கு 125 தடவை கேட்கப்பட்டால், இரு கேள்விகளுக்கு இடைப்பட்ட நேரம் 8 மில்லிநொடி ஆகும். 1000 தடவை கேட்கப்பட்டால் அது 1 மில்லிநொடி ஆகக் குறைகிறது. இதனாலேயே ஒரு பலகையின் மதிப்பு, அது எத்தனை கன்சோல்களில் இயங்குகிறது என்பதைக் கொண்டு மட்டுமன்றி, எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதைக் கொண்டும் அளவிடப்படுகிறது.

ஏற்புச் சோதனையும் கருவியின் ஆயுளும்

சன்வா போன்ற நிறுவனங்களின் ஆளிகள், நாள் முழுதும் பலர் கையாளும் பொது இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்டவை. தேய்ந்தாலும் தனித்தனியே மாற்றத்தக்கவை. எனவே ஒரு ஸ்டிக்கின் இயக்கப் பகுதிகள் பல கன்சோல் தலைமுறைகளைக் கடந்து வாழக்கூடியன. அதன் பயன்பாட்டுக் காலத்தை முடித்துவைப்பது பெரும்பாலும் தேய்மானம் அன்று. புதிய கன்சோல் பழைய பலகையை ஏற்க மறுப்பதே ஆகும்.

2013 இல் வெளியான பிளேஸ்டேஷன் 4, முந்தைய கன்சோலைப் போலன்றி, ஏற்புச் சோதனையைக் கொண்டிருந்தது. ஒப்புதல் இல்லாத கருவி அதில் சுமார் 8 நிமிடங்கள் இயங்கிய பின் நின்றுவிடும். சில விளையாட்டு உருவாக்குநர்கள் இதற்கு மாற்று வழி கண்டனர். ஸ்கல்கேர்ள்ஸ் விளையாட்டின் பிளேஸ்டேஷன் 4 பதிப்பும், 2016 இல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 உம், பிளேஸ்டேஷன் 3 ஸ்டிக்குகளை விளையாட்டின் உள்ளேயே நேரடியாக ஆதரித்தன. 2020 ஆகஸ்டில் சோனி நிறுவனம், உரிமம் பெற்ற ஆர்க்கேட் ஸ்டிக்குகள் போன்ற சிறப்புக் கருவிகள் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளிலும் இயங்கும் என அறிவித்தது. பிளேஸ்டேஷன் 4 இன் சாதாரணக் கைப்பிடிக்கு அவ்வனுமதி வழங்கப்படவில்லை.

2023 அக்டோபரில், ஒப்புதல் பெறாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸ் கன்சோல்கள் தடுக்கத் தொடங்கின. அத்தகைய கருவியை இணைத்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை காட்டப்பட்டு, நவம்பர் 12 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட ஸ்டிக்குகளைப் பயன்படுத்திய சண்டை விளையாட்டாளர்களும், தமது உடல்நிலைக்கு ஏற்பச் சிறப்புக் கருவிகளை மாற்றிகள் மூலம் இணைத்து விளையாடிய மாற்றுத்திறனாளிகளும் இதனால் கவலையடைந்தனர்.

இச்சோதனைகளுக்கு ஆதரவாகக் கூறப்படும் காரணங்கள் உண்டு. தானியங்கி அழுத்தங்களை அனுப்பும் ஏமாற்றுக் கருவிகள் மாற்றிகளின் வடிவிலேயே விற்கப்படுகின்றன. தரமற்ற கருவிகளால் கன்சோலுக்குக் கேடு நேரலாம். மறுபுறம், ஏமாற்றாத கருவியையும் ஏமாற்றும் கருவியையும் இச்சோதனை வேறுபடுத்துவதில்லை. அது அறிவது உரிமக் கட்டணம் செலுத்தப்பட்டதா என்பதை மட்டுமே என்பது எதிர்ப்போரின் வாதம். விலை கொடுத்து வாங்கிய கருவி எவ்வளவு காலம் பயன்படும் என்பதை உரிமையாளர் முடிவு செய்வதா, கன்சோல் உற்பத்தியாளர் முடிவு செய்வதா என்பதே இவ்விவாதத்தின் மையமாகும்.

போட்டிகளில் பயன்பாடு

கன்சோல் போட்டிகளில் மாற்றியமைக்கப்பட்ட ஸ்டிக்குகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஒரே பொத்தானால் பல அழுத்தங்களை உண்டாக்கும் நிரல்களும், ஒரு பொத்தானை மீண்டும் மீண்டும் தானே அழுத்தும் வசதியும் பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளன. பிடிகோலுக்குப் பதிலாகத் திசைகளுக்கும் பொத்தான்களையே கொண்ட கருவிகளில், இடமும் வலமும் ஒரே வேளையில் அழுத்தப்படலாம். இயல்பான பிடிகோலில் இது நிகழாது. இவ்வாறான எதிர்த்திசை அழுத்தங்களை எவ்வாறு தீர்ப்பது என்பதைப் பலகையின் நிலைபொருளே முடிவுசெய்வதால், பலகையை மாற்றுவோர் போட்டி விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஆர்க்கேட் விளையாட்டு
- யூ.எஸ்.பி.
- நுண்கட்டுப்படுத்தி
- திறந்த மூல வன்பொருள்
- பழுதுபார்க்கும் உரிமை